பதிலுக்குப் பதில் வரி நியாயமா?

கேள்வி: "நாம் அமெரிக்கப் பொருளுக்கு வரி போடுகிறோம், அவர்களும் போடுகிறார்கள். இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது?" என்கிறார் எங்கள் முதலாளி. அவர் சொல்வது சரியா?
- ஆயத்த ஆடை யூனிட்டில் வேலை பார்க்கும் வாசகி, பொம்மனஹள்ளி, பெங்களூரு

பதில்: பாதி சரி, அம்மா. நம் சராசரி இறக்குமதி வரி சுமார் 17 சதவீதம். அவர்களுடையது 3 சதவீதத்துச் சொச்சமாகத்தான் இருந்தது. அவர்களுக்கு மனக்குறை இருக்கத்தான் செய்யும்.

ஆனால் 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி அமெரிக்கா நம் சரக்குக்கு அறிவித்த 26 சதவீத வரி, நம் வரியைப் பார்த்துப் போட்டதே இல்லை. சரக்கு வணிகத்தில் தங்களுக்கு விழுந்த பற்றாக்குறையை, நம்மிடம் வாங்கிய சரக்கின் மதிப்பால் வகுத்தார்கள், வந்ததைப் பாதியாக்கினார்கள். அவ்வளவுதான் கணக்கு. நம் பிள்ளைகள் அங்கே கட்டும் கல்லூரிக் கட்டணம் அதில் இல்லை, நம் ஐ.டி. கம்பெனிகள் அங்கே சம்பாதிப்பதும் இல்லை. வைட்ஃபீல்டு கன்டெய்னர் டிப்போவில் பல வருஷம் ஷிப்பிங் பில் போட்டவன் நான். ஒவ்வொரு சரக்குக்கும் எச்.எஸ். கோடு, அதாவது அந்தச் சரக்கு வகைக்கான சுங்க எண், பார்த்துத்தான் வரி சொல்வோம். ஒரு நாட்டுக்கே மொத்தமாக ஒரு எண் ஒட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகஸ்டில் அது 50 ஆனது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை. நம்மைவிட அதிகமாக அதே எண்ணெயை வாங்கும் சீனாவுக்கு அந்தத் தண்டனையைப் போடவில்லை. திருப்பி அடிக்கும் பலம் உள்ளவனுக்கு ஒரு விலை, நீங்கள் தைக்கும் சட்டைக்கு ஒரு விலை! 1947-இல் ஜெனீவாவில் நாமும் சேர்ந்து 23 நாடுகள் 'காட்' என்ற உலக வரி, வணிக ஒப்பந்தம் போட்டதே இதைத் தடுக்கத்தான். ஒருவருக்குத் தரும் வரிச் சலுகையை எல்லா உறுப்பினருக்கும் தர வேண்டும் என்பதுதான் அதன் முதல் விதி.

பதிலடி வரிக்கு இன்னொரு குணம் உண்டு, போட்டால் லேசில் போகாது. 1960-களில் ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரியை ஏற்றினார்கள். பதிலுக்கு அமெரிக்கா பிராந்தி, உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின் (ஸ்டார்ச்சிலிருந்து எடுக்கும் பசைப்பொருள்), சிறிய லாரி ஆகியவற்றின் மேல் வரி போட்டது. கோழிச் சண்டை எப்போதோ ஓய்ந்துவிட்டது, லாரிக்கான 25 சதவீதம் மட்டும் போகவே இல்லை. கோழி வளர்த்தவருக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. லாபமெல்லாம் உள்ளூர் லாரி கம்பெனிகளுக்குத்தான்.

அதனால் நாமும் பதிலுக்கு ஏற்றுவோம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் வரியே நம்மை அடித்ததும் உண்டு. 2021-இல் இறக்குமதிப் பருத்திக்கு 11 சதவீத வரி போட்டோம். 2022-இல் சில மாதம் அதை நிறுத்திவைத்து, மறுபடி போட்டார்கள். அமெரிக்க வரி வந்து விழுந்த பிறகு, 2025 ஆகஸ்டில் மீண்டும் நிறுத்திவைத்தார்கள், அதுவும் தற்காலிகமாக. அதை ஒரேயடியாக எடுக்கச் சொல்லி உங்கள் முதலாளி தன் சங்கத்தில் குரல் கொடுக்கட்டும்.