கொம்பு காயட்டும், பணப்பையைத் திறக்காதீர்கள்

கேள்வி: விஸ்கான்சினில் வேலை பார்க்கிறேன். நவம்பரில் அலுவலக நண்பர்களோடு போய் முதன்முறையாக ஒரு வெள்ளைவால் ஆண்மானைச் சுட்டேன். தலையைப் பதப்படுத்துபவர் அன்றே கொம்பை அங்குலக் கணக்கில் அளந்து மதிப்பெண் 173 என்றார். காய்ந்தால் குறையுமாம். 300 டாலர் கொடுத்தால் இப்போதே பூன் அண்ட் க்ராக்கெட் என்ற அமெரிக்க வேட்டைச் சங்கத்தின் சாதனைப் புத்தகத்தில் ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். அந்தச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற அளவையாளர்கள் தன்னார்வலர்கள், அளக்கக் காசு வாங்குவதில்லை. பதிவுக் கட்டணம் தனி, அதை நீங்களே சங்கத்துக்கு நேராகக் கட்டலாம். நடுவில் இவர் எதற்கு? தவிர, கொம்பு 60 நாள் காய்ந்த பிறகு எடுத்த அளவுதான் செல்லும். ஃப்ரீசரில் வைத்திருந்தால், வெளியே எடுத்த நாளிலிருந்து அந்த 60 நாள். ஆக, "இப்போதே" என்பது சுத்தப் பொய்.

காய்வதால் குறைவது கொஞ்சம்தான். 173-ஐக் கடிக்கப்போவது வேறு. அந்த 173 பெரும்பாலும் எதையும் கழிக்காத மொத்தக் கூட்டல். இடப்பக்கக் கிளை 11 அங்குலம், வலப்பக்க ஜோடி 9 என்றால் 2 கழியும். இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் கழித்த பிறகு 170 நின்றால் நிரந்தரப் பட்டியல்; 160 என்றால் மூன்றாண்டு விருதுப் பட்டியல் மட்டும். 1950-இல் வகுத்த முறை இது. மான் பாடுபட்டு வளர்த்த கொம்புக்கு, இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லை என்று அபராதம் போடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆனால் விதி விதிதான்.

இந்த எண் மோகத்தை வைத்துத்தான் சிலர் பிழைக்கிறார்கள். உயர வேலிக்குள் மான் வளர்த்து, கொம்பின் அங்குலத்துக்கு ஏற்ப விலை பேசும் பண்ணைகள் இருக்கின்றன. அடுத்த வருஷம் உங்களையும் கூப்பிடுவார்கள். தப்ப வழியில்லாத வேலிக்குள் சுட்ட மான் 220 காட்டினாலும் புத்தகத்தில் ஏறாது.

அப்புறம், மண்டையோட்டை நடுவே பிளக்க விடாதீர்கள். பெட்டியில் அடங்கவில்லை, அனுப்பச் செலவாகும் என்று சிலர் அறுத்துவிடுகிறார்கள். இரு கொம்புக்கும் நடுவே உள்ள உள் அகலமும் மதிப்பெண்ணில் சேரும். பிளந்த ஓட்டில் அந்த அகலத்தை எவ்வளவு வேண்டுமானாலும் விரித்துக் காட்டலாம் என்பதால் சங்கம் ஏற்பதே இல்லை. ஒட்டினாலும் ஏற்காது, பசையை மறைத்துப் பெயின்ட் அடித்தாலும் ஏற்காது. பதப்படுத்துபவருக்கு இன்றே போன் செய்து இதைச் சொல்லிவிடுங்கள். கார் டிக்கியில் அடங்காவிட்டால், டிக்கியைத் திறந்தபடியே கட்டிக்கொண்டு போங்கள்.