பழுது பார்க்கக் கொடுத்த கணினி: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: தட்டச்சு, ஜெராக்ஸ் கடை ஒன்றைத் தனி ஆளாக நடத்தி வருகிறேன். சார்ஜ் ஏறாத மடிக்கணினியை நாகர்கோவிலில் ஒரு கடையில் கொடுத்தேன். 3,500 ரூபாய் பெற்றுக்கொண்டு திருப்பித் தந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்தால் அது இயங்கவேயில்லை. கேட்டால், "மதர்போர்டு போய்விட்டது, அது பழைய கோளாறு" என்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கில் இருந்த கோப்புகளும் அழிந்துவிட்டன. கையில் இருப்பது, "தகவல் இழப்புக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சிட்ட ரசீது மட்டுமே. தொழிலுக்கான கணினி என்பதால் நுகர்வோர் வழக்கே போட முடியாது என்கிறார் கடைக்காரர். அப்படியா?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: அவர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்றும் அதே பிரிவின் விளக்கம் கூறுகிறது. அந்த விளக்கம் பொருள்களைப் பற்றியே பேசுகிறது, சேவையைக் குறிப்பிடவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். ஆகவே கடையில் வேலையாட்கள் இல்லை என்பதையும், உங்கள் பிழைப்பே அந்தக் கணினியை நம்பித்தான் என்பதையும் புகாரின் தொடக்கத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

அடுத்து, "பழைய கோளாறு" என்ற பதில். சேவைக் குறைபாடு என்பதில் கவனக்குறைவு மட்டுமல்லாமல், தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அடங்கும். மதர்போர்டு முன்பே பழுதாகியிருந்ததென்றால், பணம் வாங்குவதற்கு முன் அதைச் சொல்லியிருக்க வேண்டும். கடையில் கொடுத்தபோது நன்றாக இருந்ததென்றால், அவர்கள் கையில்தான் கெட்டிருக்க வேண்டும். இந்த இரண்டில் எது நடந்தது என்று கடைக்காரரே எழுத்தில் சொல்லட்டும். ஒப்படைக்கப்பட்ட பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் காக்க வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு.

ரசீதில் அச்சிட்ட வரி கடைக்காரரின் கவனக்குறைவை முழுவதுமாக மறைத்துவிடாது. சார்ஜ் ஏறாத கோளாறைச் சரிசெய்ய ஹார்ட் டிஸ்க்கை அழிக்க வேண்டிய தேவையே இல்லை என்பது உங்களுக்கு வலுவான வாதம். ஆயினும், நகல் எடுத்து வைக்காததற்கு உங்களையும் கேள்வி கேட்பார்கள். இழந்த கோப்புகளுக்கு விலை மதிப்பதும் கடினம். தகவல் மீட்புக்கு உண்மையில் ஆகும் செலவையும், பில் காட்டி நிரூபிக்கக்கூடிய நட்டத்தையும் மட்டும் கேளுங்கள். லட்சக்கணக்கில் எழுதுவதால் வழக்கு வலுப்பெறாது.

பலர் சறுக்குவது இங்கேதான்: ஆத்திரத்தில் உடனே வேறு கடையில் கொடுத்துத் திறந்துவிடுகிறார்கள், பிறகு, கெடுத்தது யார் என்பதே வழக்காகிவிடுகிறது. கணினியைத் தொடாமல் வையுங்கள். நடந்ததை எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்து, கடைக்காரருக்குப் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வேறொரு தொழில்நுட்பர் திறக்கட்டும். வரிசை எண் தெரியும்படி புகைப்படம் எடுத்து, தாம் கண்டதை அவர் தேதியிட்டுக் கையெழுத்திட்டுத் தரவேண்டும். குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது என்பதால் இந்தத் தாள்தான் வழக்கின் முதுகெலும்பு.

1915 என்ற தேசிய உதவி எண் சமரசத்துக்கு உதவும், ஆனால் உத்தரவிடாது. சமரசம் ஏற்படாவிட்டால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் அளிக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு கிடைத்த மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகும் என்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் குடியிருந்து, தினமும் திருவனந்தபுரம் சென்று வேலை பார்க்கிறேன். அங்குள்ள கடையில் மாற்றிய திரை ஒரே வாரத்தில் போய்விட்டது. வழக்குக்குக் கேரளத்துக்குத்தான் அலைய வேண்டுமா?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலும் வழக்குத் தொடுக்கலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு வழி செய்திருக்கிறது. பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. எனவே நாகர்கோவில் ஆணையமே போதும். ரசீது மலையாளத்தில் இருந்தால் மொழிபெயர்ப்பையும் இணைத்துவிடுங்கள்.

கேள்வி: பழுது நீக்க 9,000 ரூபாய் ஆகும் என்றார்கள்; வேண்டாம் என்றேன். இப்போது சோதனைக் கட்டணம் 500 ரூபாய் தந்தால்தான் கணினி என்கிறார்கள். பிடித்து வைக்க உரிமை உண்டா?
– ஒரு வாசகர், கருங்கல்

பதில்: செய்த வேலைக்கு உரிய கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு அனுமதிக்கிறது. சோதனைக் கட்டணம் உண்டென்று முன்பே சொல்லியிருந்தால் நீங்கள் தரத்தான் வேண்டும். சொல்லவில்லையென்றால், 500 ரூபாய்க்காகக் கணினியை அங்கே விட்டுவைப்பதைவிட, "ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது" என்று ரசீதின் இரு பிரதிகளிலும் எழுதிக் கொடுத்துவிட்டு, பாகங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபார்த்து எடுத்து வாருங்கள். ரசீது தர மறுத்தால், அதுவே நியாயமற்ற வணிக நடைமுறையாகத் தனிப் புகாருக்கு இடமளிக்கும்.