500 ஜிபி ஹார்டு டிஸ்கில் இருப்பதை விண்டோஸோடு சேர்த்து 2 டிபி டிஸ்குக்கு மாற்ற முடியுமா?

கேள்வி கேட்டவர் ஆபீஸ் கம்ப்யூட்டரின் 500 ஜிபி டிஸ்க் நிரம்பிவிட்டதாம். 2 டிபி வாங்கி வைத்திருக்கிறார். விண்டோஸ், டேலி கணக்கு மென்பொருள் எதையும் மறுபடி போடாமல் எல்லாவற்றையும் அப்படியே மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறார்.

முடியுங்க. காப்பி-பேஸ்ட் செய்தால் மட்டும் நடக்காது. படம், கணக்கு, கடிதம் எல்லாம் போய்ச் சேரும். ஆனால் கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் மறைவான பகுதிகள் வராது. அதற்குத்தான் குளோன் எடுக்க வேண்டும். டிஸ்கை அச்சு அசலாக நகல் எடுப்பது. நகல் எடுப்பதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். எடுத்து முடித்த பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் ஆபத்து. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

திருப்பூர் அங்கேரிப்பாளையம் ரோட்டுப் பக்கம் அக்கா வீட்டுக்காரர் பனியனுக்கு பிரிண்டிங் போடும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். டிசைன், கலர் செபரேஷன் (பிரிண்டிங்குக்காக ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும் வேலை) எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில். அதுவும் 500 ஜிபிதான். "மாப்பிள்ளை, டிஸ்க் புல்லாயிருச்சு, வந்து பாருங்க" என்று மச்சான் கூப்பிட்டார். ஒரு சாயங்காலம் போய், புது டிஸ்கை உள்ளே மாட்டி, குளோனை ஓடவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். காலையில் டிசைனர் தம்பி வந்தார், "முடிந்தது" என்று திரையில் இருந்தது, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து வேலையை ஆரம்பித்துவிட்டார். எது ஸ்டார்ட் ஆனது? பழைய டிஸ்க். எந்த டிஸ்கிலிருந்து ஸ்டார்ட் ஆக வேண்டும் என்று தீர்மானிக்கும் பயாஸ் அமைப்பில் அதுதானே முதலில் இருந்தது! குளோன் எடுத்தவுடன் புது டிஸ்கிலும் சி டிரைவ் அதே 465 ஜிபிதான் காட்டும். அதனால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

இரண்டு நாள் கழித்து நான் போனேன். பயாஸில் புது டிஸ்கை முதலில் வைத்தேன். அழகாக ஓப்பன் ஆனது. டிஸ்குகளைக் காட்டும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் பழைய டிஸ்க் 'ஆஃப்லைன்' என்று கிடந்தது. இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஓரங்கட்டி வைக்கும். நான் அதை ஆன்லைனுக்குக் கொண்டுவந்து, "இது இனி எக்ஸ்ட்ரா இடம்" என்று குவிக் ஃபார்மட் போட்டேன். பழைய டிஸ்கில் மட்டுமே இருந்த இரண்டு நாள் செபரேஷன் வேலை அதோடு போனது.

குவிக் ஃபார்மட்டாக இருந்ததால் தப்பித்தோம். போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் வைத்து, வேறொரு டிஸ்கில் மீட்டோம். ஃபைல்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. எஃப் என்ற எழுத்தும் பின்னால் ஒரு நீள எண்ணும், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில். தம்பி ஒவ்வொன்றாகத் திறந்து தேடியதை மச்சான் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

ஆகவே, குளோன் முடிந்ததும் கம்ப்யூட்டரை அணையுங்கள். பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றுங்கள். அப்புறம் புதியதை மட்டும் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். பழையதில் தேதி எழுதி ஒட்டி, ஒரு மாதம் பீரோவில் வையுங்கள். தொடவே வேண்டாம்.

இனி எடுக்கும் முறை. நான் குளோன்ஜில்லா பயன்படுத்துகிறேன். தைவானில் உருவான இலவச மென்பொருள். பார்க்க அழகாக இருக்காது, வேலை சுத்தம். பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரை ஸ்டார்ட் செய்ய வேண்டும். டிவைஸ்-டிவைஸ், பிறகு டிஸ்க்-டு-லோக்கல்-டிஸ்க். எது மூலம், எது இலக்கு என்று கேட்கும். இங்கே மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் உங்கள் நிரம்பிய டிஸ்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிடக்கூடும். அளவையும் மாடல் எண்ணையும் காட்டும், படித்துப் பார்த்துக் கொடுங்கள். கணக்கு ஃபைல்களை மட்டுமாவது அதற்கு முன்பே வேறொரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள்.

முதல் நாளே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பழைய டிஸ்கின் ஆரோக்கியத்தையும் பாருங்கள். மஞ்சளில் 'காஷன்' என்று வந்து, பெண்டிங் செக்டர் (சரியாகப் படிக்க முடியாத பகுதிகள்) எண்ணிக்கை பூஜ்ஜியம் இல்லை என்றால் சாதாரண குளோன் பாதியில் நிற்கலாம். அப்போது பழுதான டிஸ்கை நகல் எடுக்கும் டிடிரெஸ்க்யூ மென்பொருள்தான் சரி. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்டதற்குக் கடைசியில் திரும்பி வரும். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். கடைசியாக அணைக்கும்போது ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கும், குளோன்ஜில்லா மறுக்கலாம்.

லேப்டாப்பாக இருந்தால் புது டிஸ்கை யூஎஸ்பி கேபிளில் மாட்டுவீர்கள். நீல நிற யூஎஸ்பி 3 துளையில் மாட்டுங்கள். பழைய யூஎஸ்பி 2 என்றால் நிரம்பிய 500 ஜிபிக்கு நாலு மணி நேரம் ஆகிவிடும். பெரிய 3.5 அங்குல டிஸ்க் யூஎஸ்பி மின்சாரத்தில் மட்டும் ஓடாது, தனி அடாப்டர் வேண்டும். இன்னொன்று, உங்கள் ஏரியாவுக்கு மாதாந்திர மின்தடை நாளா என்று பார்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள். யூபிஎஸ் நாலு மணி நேரம் தாங்காது.

புது டிஸ்கில் ஸ்டார்ட் ஆனதும் மிச்ச இடம் 'அன்அலகேட்டட்' என்று கறுப்புப் பட்டையாக நிற்கும். சி டிரைவை வலது க்ளிக் செய்து 'எக்ஸ்டென்ட் வால்யூம்' கொடுத்தால் சேர வேண்டும். பலருக்கு அது மங்கலாகக் கிடக்கும். சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவில் ரெக்கவரி பகுதி ஒன்று குறுக்கே உட்கார்ந்திருப்பதுதான் காரணம். டிஸ்கின் பகுதிகளை நகர்த்தும் ஜிபார்ட்டட் மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, அதில் ஸ்டார்ட் செய்து அந்தச் சின்னப் பகுதியைக் கடைசிக்கு நகர்த்திவிட்டால் வழி திறக்கும். மொத்தம் 1.81 டிபி என்றுதான் காட்டும், கடைக்காரர் ஏமாற்றவில்லை. டிஸ்க் கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது. நல்லவேளை 4 டிபி வாங்கவில்லை. டிஸ்கைப் பகுதி பிரிக்கும் முறைகளில் பழையது எம்பிஆர், புதியது ஜிபிடி. பழைய எம்பிஆர் முறையில் இருக்கும் டிஸ்கை அப்படியே குளோன் எடுத்தால் 2.2 டிபிக்கு மேல் உள்ள இடம் பயன்படாது, அதை ஜிபிடிக்கு மாற்றும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

டேலிக்கு மட்டும் ஒரு முன்ஜாக்கிரதை: குளோனுக்கு முன் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டு, புது டிஸ்கில் திரும்ப ஆக்டிவேட் செய்யுங்கள். அதுபோன்ற மென்பொருள்கள் வன்பொருளைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளும். மாதக் கடைசியிலோ, ஜிஎஸ்டி போட வேண்டிய நாளிலோ இந்த வேலையில் இறங்காதீர்கள்.