பொதுச் சொத்தில் அண்ணன் தீ வைத்தால் குற்றமாகாதா?

கேள்வி: பாகம் பிரிக்காத நிலம். அண்ணனுக்கும் எனக்கும் வெகுநாளாகத் தகராறு. முந்தாநாள் இரவு களத்தில் இருந்த வைக்கோல் போர் எரிந்து, ஒட்டியிருந்த கீற்றுக் கொட்டகைக்கும் தீ பரவியது. உள்ளே வைத்திருந்த விதைநெல் மூட்டைகளும் மோட்டாரும் போய்விட்டன. "எல்லாத்தையும் கொளுத்திடுறேன்" என்று அவர் அன்று மாலை டீக்கடையில் சொன்னதை இருவர் கேட்டிருக்கிறார்கள். "என் பங்கும் அதில் இருக்கிறது, என் பொருளை நான் எரித்தால் என்ன கேஸ்?" என்கிறார். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) மட்டும் கொடுத்தார்கள்.

பதில்: உங்கள் அண்ணன் சொல்லும் வாதம் நிற்காது. தீவைப்பு என்பது சட்டத்தில் சொத்தழிப்பின் கடுமையான வடிவம். இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவில் உள்ள விளக்கமே, தனக்கும் பிறருக்கும் பொதுவான சொத்தை அழித்தாலும், ஏன், தன் சொத்தையே அழித்தாலும் அது சொத்தழிப்பு ஆகலாம் என்கிறது. பிறருக்குத் தவறான இழப்பை உண்டாக்கும் எண்ணமோ, இழப்பு வரக்கூடும் என்ற அறிவோ இருந்ததா என்பதுதான் கேள்வி. கை தவறி விழுந்த பீடித் துண்டால் பற்றிய தீ இதில் வராது. அது 287-இல் வரும் கவனக்குறைவு, 6 மாதம் வரைதான் தண்டனை.

அடுத்து, எது எரிந்தது என்று பாருங்கள். தண்டனை அதை வைத்துத்தான். வைக்கோல் போர் மட்டும் என்றால் 326(எஃப்): 7 ஆண்டு வரை சிறை, ஜாமீனில் விடத்தக்கது. வழிபாட்டிடம், குடியிருப்பு, பொருள் பாதுகாத்து வைக்கும் கட்டடம் ஆகியவற்றை அழிக்கத் தீ வைத்தால் 326(ஜி): ஆயுள் அல்லது 10 ஆண்டு வரை, ஜாமீனில் விடத்தகாதது, செஷன்ஸ் நீதிமன்ற விசாரணை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இவை 435, 436. ஆக, உங்கள் வழக்கின் உயிர் அந்தக் கொட்டகையில் இருக்கிறது. "கீற்றுப் பந்தல்தானே, கட்டடமா?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். சுவர், கதவு, பூட்டு, உள்ளே இருந்த மூட்டைகளின் எண்ணிக்கை எல்லாம் பார்வை மகஜரில் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீசார் எழுதும் பதிவு) ஏற வேண்டும். போரை ஒட்டியே கொட்டகை இருந்ததும் வரைபடத்தில் தெரிய வேண்டும். போரில் வைத்தால் கொட்டகைக்கும் பரவும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அந்த நெருக்கம்தான் காட்டும்.

முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) பதியாமல் சி.எஸ்.ஆரோடு நிறுத்தியது தவறு. இரண்டு பிரிவுகளுமே பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கவை. முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்க்கிறோம் என்று சொன்னால், பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(3) தரும் அந்தச் சலுகை 7 ஆண்டுக்குக் குறைவான குற்றங்களுக்குத்தான், இவை இரண்டும் அதில் வராது. புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் பிரமாணப் பத்திரத்தோடு 175(3)-இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். புகாரில் டீக்கடை சாட்சிகளின் பெயர், அவர் சொன்ன சொல், நேரம் அப்படியே இருக்கட்டும். ஆனால் அவர் தீ வைத்ததை நீங்கள் பார்க்கவில்லை என்றால் பார்த்ததாக எழுதாதீர்கள். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரி மொத்த வழக்கையும் சாய்த்துவிடும்.

சாம்பலை அள்ளவோ, மேலும் தண்ணீர் ஊற்றவோ வேண்டாம். பெட்ரோல் ஊற்றியிருந்தால், மேலே எரிந்தாலும் அடியில் உள்ள மண்ணிலும் வைக்கோலிலும் கொஞ்சம் ஊறித் தங்கும். அதை மூடி இறுகிய தகர டப்பாவிலோ கண்ணாடிப் பாட்டிலிலோ எடுக்க வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் பையில் போட்டால் ஆவி கசிந்து, ஆய்வகத்தில் ஒன்றும் கிடைக்காது. நீங்களே எடுக்காதீர்கள், தடய அறிவியல் குழுவை வரவழைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் தானே சூடேறிப் பற்றியது என்பது எதிர்த்தரப்பு வழக்கமாக எடுக்கும் வாதம். அப்படிப் பற்றும் தீ போரின் நடுவிலிருந்து கிளம்பும். வைத்த தீ பெரும்பாலும் வெளி விளிம்பில் தொடங்கும். முதலில் ஓடி வந்தவர் எந்தப் பக்கம் எரியக் கண்டார் என்பது அதனால் முக்கியம். மின்கசிவு என்று சொன்னால், அந்த இடத்தில் லைன் இருந்ததா என்று மின்வாரியத்திடம் எழுத்தில் வாங்குங்கள். தீயணைப்பு நிலையத்தின் அறிக்கையும் தேவை.

பஞ்சாயத்தில் சமாதானம் பேச வருவார்கள். நஷ்டஈடு வாங்குவது உங்கள் விருப்பம். ஆனால் 326(எஃப்), 326(ஜி) இரண்டுமே சமரசம் செய்து முடிக்கத்தக்க குற்றங்கள் அல்ல. ஊரில் கையெழுத்துப் போட்டதால் வழக்கு முடியாது, ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.