தாய்ச் செம்மறி ஆடு எந்த இனத்தில் வாங்கலாம்? சில கேள்விகள், பதில்கள்

மதுரை மாவட்டம் கள்ளிக்குடி பக்கம் கரிசல் காடு, மேய்ச்சல் மட்டும்தான். 20 பெட்டை வாங்கப்போகிறேன். வேம்பூரா, கீழக்கரிசலா, மேச்சேரியா?

மேச்சேரியை விட்டுவிடுங்கள். நல்ல இனம்தான், தோலுக்குப் பேர்போனது, ஆனால் அது சேலம், ஈரோடு பக்கத்து ஆடு, அங்கிருந்து ஏற்றிவரும் செலவுக்கு இங்கேயே இரண்டு பெட்டை கூடுதலாகப் பிடித்துவிடலாம். வேம்பூர் வெள்ளையில் செம்பட்டைத் திட்டு விழுந்த உயரமான ஆடு, குட்டி எடை கொஞ்சம் கூடவே நிற்கும், ஆனால் பெரிய உடம்புக்குத் தீனியும் அதற்கேற்ப வேண்டும். கீழக்கரிசல் உடம்பில் சிறியது, சித்திரை வைகாசி வறட்சியில் காய்ந்த தட்டையைக் கடித்தே நாளை ஓட்டிவிடும். மேய்ச்சலுக்கு மேல் கையால் தீனி போட மாட்டீர்கள் என்றால் என் ஓட்டு கீழக்கரிசலுக்கு. கிடா மட்டும் வேம்பூரில் விடலாமா என்றால், எல்லாக் குட்டியும் கறிக்கே போகிறது என்றால் சரி, பெட்டைக்குட்டியைத் தாய்க்கு நிறுத்துவதாக இருந்தால் வேண்டாம்.

திருமங்கலம் சந்தையில் நெல்லூர் ஜூடிப்பி ஆளுயரத்துக்கு நிற்கிறதே?

நிற்கும். அது ஆந்திர ஆடு, தீனி போட்டு வளர்த்தது. உயரத்தைப் பார்த்துத் தாய் ஆடு பிடிக்காதீர்கள், வாயையும் மடியையும் பாருங்கள். கீழுதட்டை இறக்கினால், பால் பல் விழுந்து முளைத்த பெரிய பல் இரண்டு என்றால் ஒன்று, ஒன்றரை வயது, நாலு பல் என்றால் இரண்டு வயதுக்குப் பக்கம், இதுதான் வாங்கும் பருவம். பெரிய பல் எட்டும் முளைத்து, தேய்ந்து இடைவெளி விட்டிருந்தால் வியாபாரி என்ன சொன்னாலும் நகர்ந்துவிடுங்கள். அப்புறம் மடியை இரண்டு பக்கமும் அமுக்குங்கள். உள்ளே கல் மாதிரி கட்டி தட்டுப்பட்டால் அந்தக் காம்பில் பால் வராது, குட்டி செத்துப்போகும். வயிறு புடைத்திருப்பதைப் பார்த்துச் சினை என்று நம்ப வேண்டாம், தண்ணீர் காட்டி நிறுத்தியதாகவும் இருக்கலாம்.

சோழவந்தானில் வயல் மேய்ச்சல். எந்த இனம் தாங்கும்?

இங்கே இனத்தைவிட வாய்க்கால்தான் பிரச்சினை. நத்தை இருக்கும் ஈரவயலில் கல்லீரல் தட்டைப்புழு எந்த ஆட்டையும் விடாது, தாடைக்குக் கீழே பை மாதிரி நீர்கோத்துத் தொங்கினால் இதையும் சந்தேகப்படுங்கள். வாய்க்கால் ஓரப் புல்லில் விடாதீர்கள், பனி காய்ந்தபிறகு அவிழ்த்துவிடுங்கள். வழக்கமாக வாங்கிக் கொடுக்கும் குடற்புழு மருந்தில் பல தட்டைப்புழுவைத் தொடாது, அதற்கென்று தனி மருந்து இருக்கிறது, மருத்துவரிடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கச்சைகட்டி கருப்பு பெட்டை வளர்த்தால் லாபம் உண்டா?

வாடிப்பட்டிப் பக்கத்து நம்ம ஊர் இனம், எண்ணிக்கை குறைவு. முட்டுக்கிடாவுக்கு, அதாவது சண்டைக்கு விடும் கிடாவுக்கு, பேர் வாங்கியதால் நல்ல கிடாக்குட்டிக்கு ஆசைவிலை கிடைக்கும், பெட்டைக்குட்டிக்குக் கறி விலைதான். கலப்பில்லாத பெட்டை கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

20 பெட்டைக்கு எத்தனை கிடா?

ஒன்று போதும், 25, 30 வரை தாங்கும். இரண்டு வருடத்தில் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் தன் மகளையே சேரும். சேர்க்கைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து பெட்டைக்கு தினம் 200 கிராம் அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த தீனி) கொடுங்கள், பருவத்துக்கு ஒழுங்காக வரும். சினை ஐந்து மாதம், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் குட்டி விழாதபடி எண்ணிக் கிடாவை விடுங்கள்.