ராத்திரி முழுக்கக் கைப்பேசி, காலையில் பள்ளிக்கு மட்டம்

கேள்வி: மகனுக்கு 16 வயது, நான்காம் படிவம். விடியற்காலை மூன்று மணி வரை மொபைல் லெஜெண்ட்ஸ் விளையாடுகிறான். பள்ளிக்கு அடிக்கடி மட்டம். என் பையிலிருந்து 50 ரிங்கிட் எடுத்து அந்த விளையாட்டுக்குள் செலவழிக்கும் டைமண்ட் வாங்கிவிட்டான். அப்பா கைப்பேசியைப் பிடுங்கியதும் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். முன்பு சாயங்காலமானால் தோட்டத்துத் திடலில்தான் கிடப்பான். கூட்டாளியின் குடும்பம் ஜொகூருக்குப் போனதிலிருந்து அந்தப் பக்கமே போவதில்லை. திருநீறு போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, கூட்டாளி போனதை நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். என் மனம் அங்கேதான் நின்றது. தோட்டத்தில் குடும்பங்கள் குறைந்து, பந்து உதைக்க ஆள் சேராத இடத்தில் இந்த வயதுப் பையன் எங்கே போவான்? கைப்பேசியில் ஐந்து பேர் அணி காத்திருக்கிறது. அவன் வராவிட்டால் தேடுகிறார்கள். யாரோடு விளையாடுகிறான் என்று கேட்டுப் பாருங்கள். ஜொகூர் போன கூட்டாளியாகவே இருக்கலாம். அப்படியென்றால் பள்ளி விடுமுறையில் அவனைப் பார்க்க ஒருமுறை கூட்டிப் போங்கள்.

அதற்காக ராத்திரி விளையாட்டை விட்டுவிட முடியாது. மூன்று மணிக்குப் படுத்துப் பள்ளிக்கு எழும் பிள்ளை எரிந்துதான் விழுவான். இந்த வயதுக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசியும் ஹாலில் சார்ஜ் ஆகட்டும், அப்பாவுடையதும்தான். ஆட்டத்தின் நடுவில் மட்டும் பிடுங்காதீர்கள். பாதியில் விட்டால் விளையாட்டிலேயே அவனுக்குத் தண்டனை, கூட விளையாடுகிற நான்கு பேருக்கும் நஷ்டம். "இந்த மேட்சோடு சரி" என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். எடுத்த பணத்தைக் கைச்செலவுக் காசிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரட்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் கைப்பேசி, கணினி விளையாட்டுக்கு அடிமையாகும் விளையாட்டுக் கோளாறும் (கேமிங் டிஸார்டர்) இருக்கிறது. நிறுத்த முடியாமல் போவது, மற்ற எதையும்விட விளையாட்டே பெரிதாகிவிடுவது, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வது: இவை பொதுவாக ஒரு வருடமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர் வைப்பார்கள். ஆனால் மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையும் இப்படித்தான் தூக்கம் கெட்டு, எரிச்சல்பட்டு, பள்ளி வேண்டாம் என்பான். எது என்று மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். திருநீறு போடுங்கள், தப்பில்லை. அப்படியே அரசு கிளினிக்குக்கும் போங்கள். அங்கிருந்தே மனநல மருத்துவருக்கு எழுதித் தருவார்கள். பள்ளி கவுன்சலிங் ஆசிரியரிடமும் பேசுங்கள்.

சுவரில் முட்டிக்கொண்டதைக் கோபம் என்று ஒதுக்காதீர்கள். இன்றைக்கே, அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோணுதாய்யா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் திட்டாதீர்கள், அழாதீர்கள், அவனைத் தனியாக விடாதீர்கள். நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மனம் விட்டுப் பேச சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555 இருக்கிறது. பிஃப்ரெண்டர்ஸ் என்ற தன்னார்வ அமைப்பின் எண் 03-7627 2929, எந்நேரமும் எடுப்பார்கள். அவன் பேச மறுத்தாலும் நீங்கள் கூப்பிடலாம்.