கோலம் போட்ட கைக்கு ஓவியம் வருமா?

(மதுரை வில்லாபுரத்தில் தன் வீட்டு மொட்டை மாடியில், எல்லா வயதினருக்கும் ஞாயிறுதோறும் ஓவிய வகுப்பு நடத்தும் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை பதில் சொல்கிறார்.)

கேள்வி: எனக்கு 63 வயது. பேத்தியை ஓவிய வகுப்பில் விட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் சேர ஆசை. ஆனால் கோலத்தைத் தவிர எதுவும் வரைந்ததில்லை. கையும் லேசாக நடுங்குகிறது. பிள்ளைகள் சிரிப்பார்களோ?
- வாசகி, மேலூர்

பதில்: அம்மா, அடுத்த வாரம் வாசலில் உட்காராதீர்கள், உள்ளே போய்விடுங்கள். கோலத்தைத் தவிர என்கிறீர்களே, சிக்குக் கோலத்தில் இழை எங்கே கிளம்பி எங்கே வந்து சேரும் என்று மனசுக்குள் பார்த்துவிட்டுத்தானே பொடியைக் கிள்ளுகிறீர்கள்? வகுப்புக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அந்தப் பார்வையை வரவழைக்க எனக்கு மாதக்கணக்கில் ஆகிறது.

நடுக்கத்துக்கும் கோலத்திலேயே வழி இருக்கிறது. கோலம் போடும்போது தோளிலிருந்து கை முழுக்க நகரும். பென்சிலைப் பிடித்ததும் மணிக்கட்டை ஊன்றி விரலால் வரையத் தொடங்கிவிடுகிறோம், நடுக்கம் அப்போதுதான் தாளில் தெரியும். பெரிய தாளைப் பரீட்சை அட்டையில் மாட்டிச் சற்றுச் சாய்த்து வையுங்கள். 4பி பென்சிலை முனையிலிருந்து தள்ளிப் பிடித்துத் தோளிலிருந்து இழுங்கள். எச்பி பென்சிலைவிட இதில் களிமண் குறைவு, கிராஃபைட் கூடுதல். அழுத்தாமலே கருப்பாக விழும்.

சிரிப்பு விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு பித்தளைச் செம்பை ஸ்டூலில் வைத்து வரையச் சொன்னேன். 7 வயதுப் பையனும், பக்கத்தில் இருந்த 66 வயதுக்காரரும் ஒரே தவறைச் செய்திருந்தார்கள். வாயை முழு வட்டமாகப் போட்டு, அடியை ஸ்கேல் வைத்ததுபோல நேர்கோடாக முடித்திருந்தார்கள். செம்பின் வாய் வட்டம் என்பதும், அடி தட்டை என்பதும் நமக்குத் தெரியும். தெரிந்ததை வரைந்துவிட்டு, கண்முன் இருப்பதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். செம்பைக் கண் மட்டத்துக்குத் தூக்கிக் காட்டினேன், வாய் வெறும் கோடாகிவிட்டது. இறக்க இறக்க நீள்வட்டமாக விரிந்தது. அடிப்பக்கம் இன்னும் கீழே இருப்பதால், அதன் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதல். பையன்தான் அதை முதலில் கண்டான். "தாத்தா, இங்க வந்து குனிஞ்சு பாருங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். எல்லா வயதையும் ஒரே பாயில் உட்காரவைப்பதை நான் விடாமல் இருப்பது இதற்காகத்தான்.

நம் மதுரையில் 1936இல் பிறந்த மனோகர் தேவதாஸ், விழித்திரை நோயால் பார்வை குறுகிக்கொண்டே வந்த காலத்திலும் கருப்பு மையில் இந்த ஊரை அத்தனை நுணுக்கமாக வரைந்தார். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் படம் எங்காவது கண்ணில் பட்டால் நின்று பாருங்கள் அம்மா.

கேள்வி: என் 9 வயது மகன் யானைமலையை ஊதா நிறத்தில் தீட்டுகிறான். திருத்தலாமா? இப்போதைய வகுப்புக் கட்டணமும் கட்டுப்படியாகவில்லை.
- வாசகர், புதூர்

பதில்: திருத்தாதீர்கள். விடிகாலையில் அவனோடு உங்கள் மாடிக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். சூரியன் மலைக்குப் பின்னால் இருக்கும், நம் பக்கம் நிழல். அந்த நிழலில் நீலமும் ஊதாவும் கலந்திருக்கும். சாம்பல் நிறம் என்று சொல்லிக்கொடுத்தது நாம், பையன் பார்த்ததைத் தீட்டியிருக்கிறான். ஒரு போட்டியில் மகளின் தாளை வாங்கி அம்மாவே கோடு போட்டுக் கொடுத்ததைப் பார்த்தேன். அந்தக் குழந்தை அப்புறம் தூரிகையைத் தொடவே இல்லை. அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

கட்டணம் பிரச்சினை என்றால், 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு அரசின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் ஓவியம் சொல்லித்தருகிறார்கள். விசாரியுங்கள்.

கேள்வி: வாட்டர் கலர் அடித்தால் எல்லாம் சேறாகிவிடுகிறதே?
- கல்லூரி மாணவி, திருமங்கலம்

பதில்: இரண்டு குவளை வையுங்கள், ஒன்று கழுவ, ஒன்று கலக்க. வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போங்கள். வெள்ளை வேண்டிய இடத்தில் தாளையே விட்டுவிடுங்கள். முதல் பூச்சு காயாமல் அடுத்ததைத் தொடாதீர்கள், நம் ஊர் வெயிலுக்கு அது சீக்கிரமே காய்ந்துவிடும். அதுவரை தூரிகையைக் குவளைக்குள் நிற்கவைக்க வேண்டாம், முடி வளைந்துபோகும். துடைத்துப் படுக்க வையுங்கள்.